சர்க்கரை டப்பாவும் நம் குடும்பங்களும்
(யூபிலி ஆயத்தக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



மாதத்தின் முதல் வெள்ளிதோறும் நோயாளர்களுக்கு நற்கருணை கொண்டு செல்கிறேன். படுக்கையில் இருப்பவர் எல்லாரும் முதியோர் என்று நினைத்துவிடாதீர்கள். நாற்பத்தைந்து வயதில் கால்விரல்களை இழந்து, கும்மிடிப்பூண்டி கம்பெனி வேலையையும் இழந்து, திண்ணையில் அமர்ந்திருக்கும் குடும்பத்தலைவரும் அவர்களுள் ஒருவர். அவருக்குக் குடிப்பழக்கம் இல்லை, புகைப்பழக்கமும் இல்லை. பல ஆண்டுகள் கவனிக்காமல் விட்ட சர்க்கரை வியாதிதான் காரணம்.

இந்தியாவில் இந்நோய் உள்ளவர் 10 கோடிக்கு மேல் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் கூறியது. நோயின் வாசற்படியில் நிற்பவர் மேலும் 13 கோடிக்கு மேல். நமக்கு இது புதிய பகையன்று. நம்மவர் இன்றும் நாடிச் செல்லும் ஸ்டான்லி மருத்துவமனையில் 1948-லேயே டாக்டர் எம். விசுவநாதன் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கினார். 1954-இல் இராயபுரத்தில் அதற்கென மருத்துவமனையே எழுப்பினார். அன்று அது வசதி படைத்தோரின் வியாதி எனப்பட்டது. இன்று ஷிப்டுக்குப் போகிறவன் வீட்டில் குடியிருக்கிறது.

நம் பாட்டிமார் வெள்ளைச் சர்க்கரையை ‘அஸ்கா’ என்றார்கள். ஒடிசாவிலுள்ள அஸ்கா என்னும் ஊரின் ஆலையிலிருந்து வந்ததால் அந்தப் பெயர். விருந்தாளி வந்தால்தான் அந்த டப்பா திறக்கும். இப்போதோ அது மூடுவதே இல்லை.

ஒரு கணக்குப் போடுவோம். கம்பெனி பஸ் ஏறுமுன் ஒரு டீ, இடைவேளையில் இரண்டு, வீடு திரும்பியதும் ஒன்று, இரவு ஷிப்டானால் இன்னொன்று. டீக்கு இரண்டு கரண்டி, அதாவது சுமார் 10 கிராம். ஐந்து டீயில் 50 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, நாளுக்குச் சுமார் 25 கிராமுக்குள் நிற்பது நலம். பிஸ்கட்டையும் பன்னையும் எண்ணாமலே இரட்டிப்பாகிவிட்டது. 300 மில்லி கோலா பாட்டிலில் மட்டும் ஏறக்குறைய 30 கிராம் இருக்கிறது.

“சாமி, நாங்கள் நாட்டுச் சர்க்கரைக்கு மாறிவிட்டோம்” என்று சில தாய்மார்கள் பெருமையோடு சொல்கிறார்கள். வெல்லமானாலும் கருப்பட்டியானாலும் தேனானாலும், இரத்தத்தில் சேர்ந்தபின் சர்க்கரைதான். அளவு குறையாமல் நிறம் மட்டும் மாறிப் பயனில்லை. தவக்காலத்தில் நாற்பது நாளும் இறைச்சியை விலக்கிவிட்டு, வெள்ளிக்கிழமை ஒருசந்தியை இனிப்பு பன்னோடு முடிக்கிறவர்களையும் நான் அறிவேன். இதை அடுத்த தவக்காலத்தில் விரிவாகப் பேசுவேன்.

டீயாவது கண்ணுக்குத் தெரிகிறது. பாக்கெட்டில் ஒளிந்திருப்பதுதான் கவலை. அதிகாலையில் தாயும் தகப்பனும் வேலைக்கு ஓடும் வீட்டில், ஐந்து ரூபாய் பாக்கெட் பிள்ளையின் காலை உணவாகிவிடுகிறது. தாயைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. நேரமின்மை பெரிய வறுமை. ஆயினும் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். எந்தப் பொருள் எடையில் அதிகமோ அதுவே பட்டியலில் முதலில் வரவேண்டும் என்பது சட்டம். மைதா, சர்க்கரை, பாமாயில் என்று தொடங்கினால் மேற்கொண்டு படிக்கத் தேவையில்லை. குளுக்கோஸ் சிரப், இன்வர்ட் சிரப், டெக்ஸ்ட்ரோஸ் எல்லாம் சர்க்கரையின் மாற்றுப் பெயர்களே. பாலில் கலக்கும் மால்ட் பொடிகளை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற பிரிவில் வைத்து விற்கலாகாது என்று 2024-இல் மத்திய அரசே இணையவழி விற்பனையாளர்களுக்கு அறிவுறுத்தியது. பிள்ளைக்குப் பால் போதும்.

மாற்று உணவைத் தேடி எங்கும் அலைய வேண்டாம். ஆடி மாதத்தில் நம் ஊருக்கு வரும் கூட்டத்தைப் பார்க்கிறோம். அம்மன் கோயில் பக்தர்களுக்கு ஊற்றப்படும் கேழ்வரகுக் கூழை நம் வீட்டிலும் முதல்நாள் இரவே காய்ச்சி வைக்கலாம். காலையில் மோர் விட்டுக் கரைக்க இரண்டு நிமிடம் போதும். பிள்ளையின் பையில் வேகவைத்த வேர்க்கடலையோ ஒரு கொய்யாவோ வைக்கலாம். டீயில் ஒரேயடியாக நிறுத்தாமல், வாரம் அரைக் கரண்டியாகக் குறையுங்கள், நாக்கு பழகிக்கொள்ளும்.

ஒரு எச்சரிக்கை. இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்கள் டாக்டரைக் கேளாமல் உணவைத் திடீரென்று குறைக்கவும் வேண்டாம், மருந்தை நிறுத்தவும் வேண்டாம். சர்க்கரை அளவுக்குமீறித் தாழ்ந்தாலும் ஆபத்தே. முப்பது வயது தாண்டிய ஒவ்வொருவரும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

இனி, யூபிலி விருந்து. கலர் பாட்டிலையும் சிப்ஸ் பாக்கெட்டையும் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லிவிட்டேன். “வெளியூர் பங்கு மக்கள் என்ன நினைப்பார்கள்?” என்று விருந்துக் குழுவில் சிலர் வருந்தினார்கள். என்ன வேண்டுமானாலும் நினைக்கட்டும். கேசரி உண்டு, ஆண்டுக்கொரு நாள் வரும் விழாவின் இனிப்பை நான் பகைக்கவில்லை. குடிக்க நீர்மோர், பானகத்துக்குப் பதில் எலுமிச்சை உப்பு நீர். டீ சர்க்கரையின்றி வரும். சர்க்கரை தனிக் கிண்ணத்தில் இருக்கும், வேண்டுவோர் போட்டுக்கொள்ளலாம். மோர்ப் பானைகளைத் தூக்க இளைஞர் எட்டுப் பேர் தேவை. கூட்டம் முடிந்ததும் உபதேசியாரிடம் பெயர் கொடுங்கள்.