எழுந்திருக்கச் சொல்லாத நாற்காலி



வெளிநாடு சென்று திரும்புவோர் அரண்மனைகளையும் நூதனசாலைகளையும் பற்றிப் பேசுவது வழக்கம். நானோ இன்று ஒரு கோப்பிக்கடையைப் பற்றியே பேச எண்ணுகிறேன்.

நம் ஊர்க் கடையில் குவளை வெறுமையானதும் நாமும் எழுந்துவிட வேண்டும். இல்லையேல் அடுத்தவர் நமது நாற்காலியின் பின்னால் வந்து நிற்பார். அந்தப் பழக்கத்துடனேயே ஒஸ்திரிய நாட்டின் தலைநகரான வியன்னாவில் ஒரு கடையினுள் நுழைந்தேன்.

"ஒரு கோப்பி" என்றேன். கறுப்பு அங்கி அணிந்த பரிசாரகர், "எந்தக் கோப்பி?" என்றார். நுரைத்த பால் கலந்தது மெலாஞ்ச். கண்ணாடிக் குவளையிலே கடுங்கோப்பியின் மேல் பாலாடையை அடித்துக் குவித்துத் தருவது ஐன்ஸ்பேனர். ஒற்றைக் குதிரை வண்டி என்பது அதன் பொருள். குளிரில் காத்திருந்த வண்டிக்காரருக்கு அந்த ஆடை கோப்பியின் சூட்டைக் காத்துக் கொடுத்ததாம். நான் மெலாஞ்ச் கேட்டேன். வெள்ளித் தட்டில் கோப்பியும், பக்கத்தில் ஒரு குவளை தண்ணீரும் வந்தன.

குடித்து முடித்தேன். பரிசாரகர் கணக்குச் சீட்டுக்குப் பதிலாக இன்னொரு குவளை தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தார். எழுந்து போகும்படி நாசூக்காகச் சொல்லுகிறாரோ என்று கூசிப் பணப்பையை எடுத்தேன். பக்கத்து மேசையிலிருந்த முதியவர் சிரித்தார். "இன்னும் இருங்கள் என்பதே அதன் பொருள்" என்று விளக்கிவிட்டு, மரச்சட்டத்தில் கோத்த பத்திரிகை ஒன்றையும் என்னிடம் நீட்டினார்.

மறுநாள், 1876ஆம் ஆண்டில் தொடங்கிய 'சென்ட்ரல்' என்ற கோப்பியகத்துக்குச் சென்றேன். வாசலருகே எழுத்தாளர் பீட்டர் ஆல்டன்பேர்க்கின் உருவம் அமர்ந்திருக்கிறது. தமது கடிதங்களுக்கு அக்கடையையே முகவரியாகக் கொடுத்தவர் அவர். ரஷ்யப் புரட்சியாளர் ட்ரொட்ஸ்கி, முதலாம் உலகப் போருக்கு முன் அங்கு சதுரங்கம் ஆடியிருக்கிறார். ஏழை எழுத்தாளனும் நாடிழந்த அகதியும் ஒரு கிண்ணம் கோப்பியின் விலைக்கு வெப்பமும் வெளிச்சமும் நண்பர் கூட்டமும் பெற்ற இடங்கள் அவை.

ஆயினும் அந்த நாற்காலிகளுக்கு ஒரு துயரக் கதையும் உண்டு. 1938ஆம் ஆண்டில் ஹிட்லரின் ஜேர்மனி ஒஸ்திரியாவை இணைத்துக்கொண்டபோது, கோப்பியகங்களின் உயிராக விளங்கிய யூதர்களுக்கு அங்கே இடமில்லை என்றாயிற்று. அவர்களுக்குச் சொந்தமான கடைகள் பறிக்கப்பட்டன. உளநூல் அறிஞர் சிக்மண்ட் பிராய்ட் தமது 82ஆம் வயதில் லண்டனுக்குப் புகலிடம் தேடிச் சென்றார். போக வழியின்றிக் கொல்லப்பட்டோர் பல்லாயிரவர். பரிசாரகர் ஒருபோதும் எழுப்பாதவர்களை அரசு எழுப்பிவிட்டது.

2011ஆம் ஆண்டில் ஒஸ்திரியா இக்கோப்பியக வாழ்வைத் தனது பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நன்றே. ஆனால் கட்டடமும் கிண்ணமும் மட்டும் அம்மரபு ஆகமாட்டா; வந்தவர் யாராயினும் "இருங்கள்" என்று சொல்லும் மனமே அம்மரபு.

நம் வீடுகளிலும் விருந்தினருக்கு முதலில் தண்ணீர்தானே கொடுக்கிறோம்? அச்செம்பை நீட்டும்போதெல்லாம் வியன்னாவின் அந்த இரண்டாவது குவளை என் நினைவுக்கு வருகிறது.