காய்ச்சலின்றி வந்த நோய்

(ஜமாஅத் வருடாந்திரப் பொதுக்குழுக் கூட்டத்தில் நமது பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

 

கொரோனா கடந்துபோன விஷயம்தானே, அதை இப்போது எதற்குப் பேச வேண்டும் என்று சிலர் எண்ணக்கூடும். 2021-ம் ஆண்டு இரண்டாவது அலையில் வஃபாத்தான நம் ஜமாஅத்துப் பெரியவர் ஒருவரின் மகன் சிப்காட்டில் ஷிப்டு வேலை பார்ப்பவர். அண்மையில் அவர் நம்மிடம் வந்து, "ஹஜ்ரத், அத்தாவுக்கு நான்தானே நோயைக் கொண்டு வந்தேன்? ஊரிலும் அப்படித்தானே பேசுகிறார்கள்?" என்று கேட்டார். அவருடைய சம்மதத்தோடுதான், பெயர் குறிப்பிடாமல், இதை உங்கள் முன் வைக்கிறோம்.

அந்த நாட்களில் அவருக்குக் காய்ச்சல் இல்லை, இருமலும் இல்லை. கம்பெனி வாசலில் தினமும் நெற்றிக்கு நேரே கருவியைப் பிடித்துப் பார்த்து, சரி என்று உள்ளே அனுப்பினார்கள். தந்தை படுக்கையில் விழுந்த பிறகு வீட்டார் அனைவருக்கும் பரிசோதனை நடந்தது. தமக்கும் தொற்று இருப்பதை அவர் அன்றுதான் அறிந்தார். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதை இனி எவராலும் நிரூபிக்க முடியாது. தந்தையும் கடைத்தெருவுக்குப் போய் வந்தவர்தாம்.

அந்தக் கருவி ஏன் ஏமாற்றியது? 2003-ல் சார்ஸ் நோய் பரவியபோது, நோயாளி காய்ச்சலில் விழுந்து நோய் முற்றிய பிறகே பிறருக்கு அதிகமாகப் பரப்பினார். ஆகவே காய்ச்சல் கண்டவர்களைத் தேடித் தனிமைப்படுத்தியதே பெரிதும் பலன் தந்தது; உலகம் முழுவதும் சுமார் 8,100 பேரோடு அது அடங்கிற்று. கொரோனாக் கிருமியோ ஆரம்பத்திலேயே மூக்கிலும் தொண்டையிலும் பெருகுகிறது. அறிகுறி தோன்றுவதற்கு இரண்டு நாட்கள் முன்பிருந்தே பேச்சிலும் மூச்சிலும் வெளியேறுகிறது. இறுதிவரை அறிகுறியே காணாதவர்களும் உண்டு. அவர்கள் பரப்புவது ஒப்பீட்டளவில் குறைவு. நாளைக்குக் காய்ச்சல் வரப்போகிறவர் இன்று ஆரோக்கியமாக நடமாடுகிறாரே, அவரிடமிருந்து பரவுவதுதான் அதிகம். 2020 ஏப்ரல் முடிய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் திரட்டிய விவரப்படி, தொற்று உறுதியான சுமார் 40,000 பேரில் 100-க்கு 28 பேரிடம் எவ்வித அறிகுறியும் இல்லை.

கோயம்பேட்டை நினைத்துப் பாருங்கள். சுமை தூக்கியவர்களும் லாரி ஓட்டுநர்களும் வியாபாரிகளும் நல்ல தேகத்தோடுதான் கடலூர், விழுப்புரம், அரியலூர் என்று ஊர் திரும்பினார்கள். பலருக்குத் தொற்று இருப்பது அங்கே பரிசோதித்தபோதுதான் தெரிந்தது. 2020 மே 5-ம் தேதி அந்தச் சந்தை மூடப்பட்டு, சில நாட்களில் நம் மாவட்டத்துத் திருமழிசைக்கு வந்தது.

அதற்கு ஒரு மாதம் முன்பு டில்லி நிஜாமுத்தீன் மர்கஸிலிருந்து திரும்பிய நம் சகோதரர்களில் பலருடைய நிலையும் இதுவே. அரசு அழைத்தபோது தாமாகவே பரிசோதனைக்கு முன்வந்தவர்கள் அவர்களில் உண்டு. ஆயினும் வேண்டுமென்றே நோயைப் பரப்பியவர்கள் என்ற பழியை அவர்கள் சுமந்தார்கள். 2020 ஆகஸ்ட் 21-ல் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, வெளிநாட்டு ஜமாஅத்தினர் மீதான வழக்குகளை ரத்து செய்தது; அவர்கள் பலிகடாவாக்கப்பட்டிருக்க வாய்ப்புண்டு என்றும் கூறியது. அந்தப் பழிச்சொல் அன்று நம் நெஞ்சில் எப்படித் தைத்தது! அதே சொல்லை இன்று நம் மஹல்லாவிலேயே, தந்தையை இழந்த ஒரு மகனைப் பார்த்து நாம் சொல்லலாமா?

ஹிஜ்ரி 18-ம் ஆண்டளவில் ஷாம் தேசத்தில் அம்வாஸ் கொள்ளை நோய் பரவியது. ஸர்க் என்னுமிடம் வரை சென்ற உமர் (ரலி) அவர்கள் திரும்பிவிட முடிவு செய்தார்கள். அப்போது அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களின் கட்டளையை எடுத்துரைத்தார்கள். நோயுள்ள ஊருக்குள் செல்லக் கூடாது. நாம் இருக்கும் ஊரில் நோய் கண்டால் அங்கிருந்து தப்பி வெளியேறவும் கூடாது என்பது அதன் கருத்து. மதரஸாவில் ஓதிய காலத்தில் இதை விதியைப் பற்றிய பாடமாகவே நாம் விளங்கியிருந்தோம். வெளியேறக் கூடாது என்ற தடை யாருக்கு? படுத்துக் கிடப்பவர் எப்படியும் பிரயாணம் போகப் போவதில்லை. நடமாடுபவருக்கும் அல்லவா அந்தத் தடை! அது வேறு நோய். இன்றைய விஞ்ஞானத்தை அன்றே சொல்லிவிட்டதாக வாதிட நாம் வரவில்லை. ஆனால் ஆரோக்கியமாகத் தெரிபவருக்கும் கட்டுப்பாடு உண்டு என்பதை 2020-க்குப் பிறகே நாம் சரியாக உணர்ந்தோம். நாமும் குறையுள்ளவரே. "நமக்குத்தான் இருமல் இல்லையே" என்று முகக்கவசத்தைத் தாடைக்குக் கீழே இறக்கிவிட்டு மிம்பரில் நின்ற நாட்கள் நமக்கும் உண்டு.

தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் நோயாளிகளோடு பழகியவர்களைத் தேடிக் கண்டறிந்த விவரங்களை வைத்து 2020-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. தொற்றுக்குள்ளானவர்களில் 100-க்கு 71 பேரிடமிருந்து, அவர்களோடு பழகியவர் எவருக்கும் தொற்று பரவியதாகத் தெரியவில்லை. ஒரே வீட்டில் இருந்தவர்களில் 100-க்கு 9 பேருக்குப் பரவியது. வாகனத்தில் ஆறு மணி நேரத்துக்கு மேல் நெருங்கி அமர்ந்து வந்தவர்களிலோ 100-க்கு 79 பேருக்கு! அந்தச் சகோதரரிடம் இதை எடுத்துச் சொன்னபோது, "அப்படியானால் வீட்டில் பலருக்கு வராமலும் போயிருக்கிறதா?" என்று கேட்டுவிட்டு வெகுநேரம் மௌனமாக இருந்தார். அறியாமல் நிகழ்ந்ததற்கு அவர் மீது குற்றம் இல்லை என்பதையும் சொன்னோம்.

சளி பிடித்த முதல் நாட்களில் முதியவர்களை விட்டு விலகியிருப்பதும், தொழுகை நேரத்தில் பள்ளியின் ஜன்னல்களைத் திறந்து வைப்பதும் இனியும் நடக்கட்டும். ஏசி அறைக்குக் கொசு வராது என்று மூடி வைப்பவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறோம்.

அந்தச் சகோதரர் இப்போது இஷாவுக்கு வருகிறார். கடைசி ஸஃப்பில் வாசலோரம் நின்று, ஸலாம் கொடுத்ததும் போய்விடுகிறார். அவர் யார் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அவருடைய காதுபடப் பேசியவர்கள் இந்த வாரத்திற்குள் அவரிடம் சென்று மன்னிப்புக் கேட்டுக்கொள்ளுங்கள்.