சேர்ந்திசையில் சொல்லின் இடம்
பள்ளி விழாவில் நாற்பது பிள்ளைகள் நின்று ஒரே மெட்டைப் பாடினால் அது கூட்டுப்பாட்டு. சேர்ந்திசையில் குரல்கள் பிரியும். வெவ்வேறு சுரங்களில் ஒரே கவிதையைப் பாடும். தமிழில் இதற்கு வழி போட்டவர் எம்.பி. சீனிவாசன். மலையாளத் திரையிசையில் புகழ்பெற்றவர், திரை இசைக்கலைஞர்களுக்குச் சங்கம் கட்டிய தொழிற்சங்கவாதி. 1971-இல் சென்னையில் இளைஞர் சேர்ந்திசைக் குழுவைத் தொடங்கி, பாரதியின் கவிதைகளைப் பல குரல்களுக்கு இசையமைத்தார். அந்தப் பணியை வைத்து நான் சொல்ல வருவது இதுதான்: தமிழில் சேர்ந்திசை அமைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது சுர அடுக்கை அல்ல, சொல்லை.

தமிழில் குறில் நீண்டால் பொருளே மாறும். 'கல்' என்பதை இழுத்தால் 'கால்' ஆகிவிடும். ஒருவர் பாடும்போது இந்தப் பிழையைக் கேட்பவர் ஊகித்துத் திருத்திக்கொள்வார். நாற்பது பேர் பாடினால் கவிதையே கரைந்துபோகும். ஆகவே நீண்ட சுரம் நெடிலின் மேல் விழ வேண்டும். சொல்லின் இறுதி ஒற்றை எல்லோரும் ஒரே நொடியில் மூட வேண்டும். ஆந்திர, கர்நாடக எல்லையை ஒட்டிய எங்கள் வேப்பனப்பள்ளிப் பக்கம் இதற்குக் கூடுதல் பொருள் உண்டு. இங்கே வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் தமிழ் பேசும் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் படிக்கிறார்கள். அவ்விரு மொழிகளிலும் பெரும்பாலான சொற்கள் உயிரொலியில் முடிகின்றன. தமிழிலோ மெய்யில் முடியும் சொற்கள் ஏராளம். சொல்லை எங்கே மூடுவது என்பதை மெட்டே காட்டிக் கொடுத்தால், பாட்டே உச்சரிப்புப் பயிற்சியாகிவிடும்.

நம் இசை ஒற்றை மெட்டில் வளர்ந்தது, பல சுரங்களைச் சேர்த்து ஒலித்தால் ராகம் சிதையும் என்பார்கள். இந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது. தோடியை நான்கு குரலாகப் பிரித்தால் அதன் கமகம் மிஞ்சாது. நாற்பது தொண்டைகள் ஒரே அசைவை அசைக்கவும் முடியாது. ஆனால் மோகனம் அப்படியல்ல. அதன் ஐந்து சுரங்களும் அசையாமல் நின்றாலும் அழகு குறையாது. ஒரு குழு பாடத் தொடங்கி, இன்னொரு குழு நான்கு அட்சரம் தள்ளி அதே வரியை எடுத்தாலும் சுரங்கள் பெரிதாக மோதுவதில்லை. பல குரல் என்பது நமக்கு அந்நியமும் அல்ல. தெருக்கூத்தின் பின்பாட்டையும் கும்மியில் வரியைத் திருப்பி வாங்குவதையும் கேட்ட காதுக்கு முன்குரல், பின்குரல் என்ற பிரிவு பழகியதுதான். அதை இன்னும் சற்றே நெருக்கினால் சேர்ந்திசை.

வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் கவிதை எப்படிப் புரியும் என்பதுதான் இன்னும் வலுவான மறுப்பு. எல்லாக் கவிதையும் இதற்கு ஏற்றதல்ல என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். சிந்தும் கண்ணியும் தாங்கும். மௌனமாக வாசிக்க எழுதிய புதுக்கவிதை பெரும்பாலும் தாங்காது. தாங்குகிற கவிதையிலும் ஒவ்வொரு வரியையும் முதலில் எல்லோரும் ஒரே குரலில் பாடிவிட்டுத்தான் பிரிய வேண்டும். பாரதி தம் பாடல்கள் பலவற்றுக்கு ராகமும் தாளமும் குறித்தே வைத்தார். 1949-இல் அரசு உரிமை பெற்ற அவர் எழுத்துகள் பின்னர் பொதுவுடைமையாகிவிட்டதால் எந்த ஊர் ஆசிரியரும் யாரிடமும் அனுமதி கேட்காமல் அவற்றுக்கு மெட்டமைக்கலாம்.

சேர்ந்திசைக்குப் பியானோ வேண்டாம், ஒரு சுருதிப்பெட்டி போதும். ஓசூர் ஆலைகளில் ஷிப்டு முடித்து வருகிறவர்களும் பாடலாம். ஆண்களுக்கு ஒரு கட்டை சுருதி, பெண்களுக்கு ஐந்து கட்டை சுருதி வசதி என்றால், ஆண்களின் பஞ்சமமே பெண்களின் சட்ஜம். இரு குரல்களுக்கும் இணக்கம் அங்கேயே தொடங்குகிறது. ஒன்பதாம் வகுப்பில் குரல் உடைகிற பையன்களை ஓரத்தில் நிறுத்தி வாயசைக்கச் சொல்லும் வழக்கம் எனக்கு வேதனை தருவது. அவர்களுக்கு எட்டுகிற மூன்று நான்கு சுரங்களுக்குள் ஒரு தனி வரி எழுதிக் கொடுக்கலாம். கரும்பலகையில் மேல்வரியை வெள்ளைச் சாக்பீஸிலும் அவர்கள் வரியை மஞ்சளிலும் எழுதிவிட்டால், தாங்கள் எங்கே நுழைய வேண்டும் என்று அவர்களுக்கே தெரியும்.