மலைக்குப் புறப்படும் முன் உட்கார்ந்து கணக்கிடுவோம்
(வானொலி மறையுரை)



லூக்கா நற்செய்தி 14ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் இரண்டு பேரைக் காட்டுகிறார். ஒருவர் கோபுரம் கட்ட ஆசைப்படுகிறவர். மற்றவர் போருக்குப் புறப்படும் அரசர். இருவருக்கும் முதல் வேலை ஒன்றே: உட்கார வேண்டும், கையிருப்பைக் கணக்குப் பார்க்க வேண்டும். கடவுளை நம்புகிறவருக்குத் திட்டம் எதற்கு என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு ஆண்டவரே சொல்லும் பதில் இது. இந்த இறைவார்த்தையை இன்று ஒரு சிறிய காரியத்தில் வைத்துப் பார்ப்போம். அது, காட்டு அருவிக்கு ஒருநாள் நடைப்பயணம்.

புழலிலிருந்து ஜி.என்.டி. சாலையில் வடக்கே போனால் செங்குன்றம், கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம் கடந்து ஆந்திர எல்லையில் தடா வருகிறது. அங்கிருந்து மேற்கே திரும்பினால் வரதய்யபாளையம் பக்கத்து மலைக்காட்டில் உப்பலமடுகு அருவி. நம் பிள்ளைகள் ‘தடா ஃபால்ஸ்’ என்று சொல்வது இதைத்தான். மணலியிலும் எண்ணூரிலும் ஆறு நாளும் புகையையும் இரைச்சலையும் தாங்குகிற ஒருவர், ஏழாம் நாளில் பச்சை மரத்தையும் ஓடும் நீரையும் தேடுவதில் என்ன தவறு? 2025 செப்டம்பர் 7 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோ புனிதராக அறிவித்த பியர் ஜார்ஜோ பிரசாத்தி, மலையேற்றத்தில் பேரார்வம் கொண்ட இத்தாலிய இளைஞர். தூரின் நகரத்து ஏழைகளுக்கு உதவிய அதே கைகள்தான் மலைப்பாறைகளையும் பற்றி ஏறின. அந்த ஞாயிற்றுக்குரிய நற்செய்தியும் கோபுரம் கட்டுகிறவரைப் பற்றிய இதே பகுதிதான்.

ஆகவே, போக வேண்டாம் என்று நாம் சொல்லப்போவதில்லை. போகும் முன் உட்காருவோம் என்கிறோம். உட்கார்ந்து நான்கு கணக்குகள் போடுவோம்.

முதலாவது, ஆள் கணக்கு. பத்துப் பேர் போகிறோம் என்றால் யார் வேகமாக நடப்பார் என்று பார்க்க வேண்டியதில்லை. யார் மெதுவாக நடப்பார் என்று பார்க்க வேண்டும். அவருடைய நடையே குழுவின் நடை. சனிக்கிழமை நைட் ஷிஃப்ட் முடித்து, கண் மூடாமல், விடியற்காலையில் பைக்கில் ஏறுகிறவர் நம் பகுதியில் நிறையப் பேர். நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே அந்தத் தூக்கக் கலக்கம், காட்டுப் பாறையைவிட ஆபத்தானது. அவருக்காகப் பயணத்தை ஒரு வாரம் தள்ளிப் போட்டால் அதுவும் பிறரன்புச் செயலே. மெதுவாக நடப்பவரைக் கேலி செய்து முன்னே ஓடுகிற குழு, காணாமற்போன ஆட்டைத் தேடிப் போன ஆயனின் மந்தை ஆகுமா?

இரண்டாவது, நேரக் கணக்கு. எத்தனை மணிக்குப் புறப்படுவது என்பதை எல்லாரும் பேசுகிறோம். எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதை யாரும் பேசுவதில்லை. டிசம்பரில் மாலை ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைகிறது. இரு பக்கமும் மலை நிற்கும் பள்ளத்தில் இருட்டு இன்னும் முன்னதாக இறங்கும். ஏறுவதற்கு மூன்று மணி நேரம் என்றால், இறங்கவும் மூன்று மணி நேரம் வைத்து, கையிருப்பாக ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்வோம். பகல் ஒரு மணிக்குத் திரும்புவது என்று முடிவு செய்தால், அருவி அடுத்த வளைவில் இருந்தாலும் திரும்புவோம். அந்த அரசரும், தம் படை போதாது என்று கண்டால் சமாதானம் பேச ஆள் அனுப்புகிறார். அதை ஆண்டவர் கோழைத்தனம் என்று சொல்லவில்லை.

மூன்றாவது, தண்ணீர்க் கணக்கு. இதைப் புழல்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. நம் ஏரி நம் தெருவில் பெய்த மழையால் மட்டுமா நிரம்புகிறது? கண்டலேறிலிருந்து கால்வாய் வழியாகப் பூண்டிக்கு வரும் கிருஷ்ணா நீரும் இங்கே சேர்கிறது. நம் வீட்டுக்கு மேலே வானம் வெளுத்த பிறகும், உபரிநீர் திறக்கப்பட்டால் வடபெரும்பாக்கம், கொசப்பூர், மணலி மக்கள் எச்சரிக்கப்படுகிறார்கள். அருவியும் அப்படித்தான். கீழே வெயில் அடிக்கும்; மேலே மலையில் மழை கொட்டும்; நிமிடங்களில் வெள்ளம் வந்துவிடும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வந்த அப்படிப்பட்ட வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரை அடித்துச் சென்றது. தண்ணீர் கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், இரைச்சல் கூடினால், பொருள்களை எடுக்க நிற்காமல் உடனே மேட்டுக்கு ஏற வேண்டும்.

இன்னொன்று. கடலோரத்தில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு நீச்சல் தெரியும் என்ற தைரியம் உண்டு. உப்புநீர் உடலை மிதக்க வைப்பதுபோல் மடுவின் நல்ல தண்ணீர் மிதக்க வைக்காது. அடியில் பாறை எங்கே, பள்ளம் எங்கே என்று மேலிருந்து தெரியாது. கரையெல்லாம் பாசி. தடா மடுக்களில் நீந்தத் தெரிந்த இளைஞர்களும் மூழ்கி இறந்திருக்கிறார்கள். மேலிருந்து குதிப்பதில்லை, மது அருந்திவிட்டு இறங்குவதில்லை என்று இந்த இரண்டையும் புறப்படும் முன்பே குழுவாக உறுதி எடுப்போம்.

நான்காவது, வீட்டுக் கணக்கு. எங்கே போகிறோம், யார் யார் போகிறோம், எத்தனை மணிக்குள் போன் வரும், வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி அம்மாவிடமோ மனைவியிடமோ கொடுத்துவிட்டுப் போவோம். காட்டில் போனுக்கு சிக்னல் கிடைக்கும் என்று நம்ப முடியாது. “ஃப்ரெண்ட் வீட்டுக்குப் போறேன்” என்று சொல்லிவிட்டு மலைக்குப் போன பிள்ளையை, அந்தத் தாய் எந்தத் திசையில் போய்த் தேடுவாள்?

அன்புக்குரியவர்களே, 2018 மார்ச் 11, ஒரு ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீ மலையேறச் சென்றவர்களைச் சூழ்ந்தது. 20-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். சென்னையிலிருந்து போனவர்களும் அவர்களில் உண்டு. அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் 40 பாதைகள் இருக்கின்றன. மலையோர ஊர்களையும் பழங்குடி மக்களையும் சேர்ந்த வழிகாட்டிகள் உடன் வருகிறார்கள். நம் திருவள்ளூர் மாவட்டத்துக் குடியம் குகைகளும் அதில் ஒன்று. காட்டுத்தீக் காலத்தில் பாதைகளை மூடுகிறார்கள். மூடிய கதவைப் பார்த்துக் கோபப்படாமல், அதற்குப் பின்னால் இருக்கும் கண்ணீரை நினைத்துப் பார்ப்போம். வனத்துறையின் அனுமதி இல்லாத குறுக்குவழியில் நுழைய மாட்டோம்.

ஞாயிறன்று போகிறவர்கள் சனிக்கிழமை மாலைத் திருப்பலியிலேயே பங்கேற்றுவிடலாம். அதையும் திட்டத்தில் எழுதிக்கொள்வோம். குடிக்க ஆளுக்கு இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர், ஒரு விசில், ஒரு டார்ச், காயத்துக்கு மருந்து, குப்பையைத் திரும்பக் கொண்டுவர ஒரு பை. பை கனமாகத்தான் இருக்கும். அந்தக் கனத்தை மாறி மாறிச் சுமப்பதும் பயணத்தில் ஒரு பகுதியே.

திட்டமிடுவதால் நம் நம்பிக்கை குறைந்துவிடுவதில்லை. உடன் வருகிறவரின் உயிரும் வீட்டில் காத்திருப்பவரின் நிம்மதியும் கடவுள் நம்மிடம் ஒப்படைத்தவை. அவற்றுக்கு நாம் கணக்குக் கொடுக்க வேண்டியவர்கள். மலைகளையும் நீரூற்றுகளையும் படைத்த இறைவன், புறப்படுகிற நம் பிள்ளைகள் அனைவரையும் மாலையில் அவரவர் வீட்டு வாசலில் சேர்ப்பாராக. ஆமென்.