பதினோராவது பொருத்தம்

(அம்மையார்குப்பம் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)

அமெரிக்க மாப்பிள்ளை என்றதும் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஜோசியனிடம் ஓடுகிறோம். பத்துப் பொருத்தமும் பார்க்கிறோம். நம் பெண் அங்கே போய் உத்தியோகம் பார்க்க முடியுமா என்று யாராவது கேட்கிறோமா?

எச்-1பி விசாவில் வேலை செய்பவனின் மனைவிக்குக் கிடைப்பது எச்-4 விசா. அதை மட்டும் வைத்துக்கொண்டு அவள் காலணாக்கூடச் சம்பாதிக்கக் கூடாது. புருஷனின் கிரீன் கார்டு மனு உரிய கட்டத்தை எட்டியிருந்தால் மனைவியும் வேலை அனுமதி கேட்கலாம் என்ற விதியே 2015 மே மாதத்தில்தான் வந்தது. சிங்கப்பூரிலோ, புருஷனை அண்டிய பாஸில் போன மனைவி வேலைக்குப் போக, 2021 மே முதல் தன் பேரிலேயே வேலை பாஸ் வாங்கியாக வேண்டும்.

இங்கே சம்பளம் வாங்கிய பெண் அங்கே செலவுக்குப் புருஷன் கையை எதிர்பார்த்து நிற்பது ராகுவாலா, கேதுவாலா? சட்டத்தால், தோழர்களே! அது எந்தப் பஞ்சாங்கத்தில் இருக்கிறது?

ஆகவே நிச்சயத்துக்கு முன், என்ன விசா, மனு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். அதையும் பெண்ணே கேட்கட்டும்; பிழைக்கப் போகிறவள் அவள்தானே!