இறந்தவருக்குக் கட்டிய கல் வீடு



நான்கு பலகைக் கற்கள் நிற்கும். மேலே ஒரு கல் மூடியிருக்கும். காட்டிலோ மேட்டு நிலத்திலோ இதை நீங்கள் பார்த்திருக்கலாம். கன்னட ஊர்களில் 'பாண்டவர மனெ' என்பார்கள். 'மோரியர மனெ' என்றும் சொல்வார்கள். தமிழ்நாட்டில் குள்ளர் வீடு என்பார்கள். ஏன் குள்ளர் வீடு? அதன் துளை மிகச் சிறியது. குள்ளன்தானே நுழைய முடியும்!

ஐரோப்பாவின் வடக்கே டென்மார்க், சுவீடன் என்ற நாடுகள் உள்ளன. அங்கும் இப்படிப்பட்ட கட்டடங்கள் உண்டு. பெரும் பாறைகளால் ஆன அறை. அதற்குள் போக ஒரு நடைவழி. மேலே மண் மேடு. டென்மார்க் மக்கள் இதை அரக்கர் கூடம் என்றார்கள். கல் பெரிதாக இருப்பதால் அங்கே அரக்கன். துளை சிறிதாக இருப்பதால் இங்கே குள்ளன். உண்மையில் இரண்டு இடத்திலும் கட்டியவர்கள் நம்மைப் போன்ற மனிதர்கள்தான். அவை வீடுகளும் அல்ல, கல்லறைகள்.

அங்குள்ளவை சுமார் 5000 ஆண்டுப் பழமை. அந்த மக்களுக்கு இரும்பு தெரியாது. நம் பக்கத்துக் கல்லறைகளில் இரும்புக் கருவிகள் கிடைக்கின்றன. ஆகவே இவை பிந்தியவை. அவர்களைப் பார்த்து இவர்கள் கட்டவில்லை.

பழைய மைசூர் சமஸ்தானத்தில் பிரம்மகிரி என்ற மலை உண்டு. இன்று அது சித்திரதுர்க்க மாவட்டத்தில் இருக்கிறது. அசோகரின் கல்வெட்டு உள்ள இடம் அது. 1947-இல் வீலர் என்ற ஆங்கிலேயர் அங்கே தோண்டினார். சுமார் 300 கல்லறைகள் இருந்தன. சிலவற்றைத் திறந்து பார்த்தார்.

கல் வேலை தெரிந்தவர்கள் இதைக் கவனியுங்கள். அந்த அறையில் நான்கு சுவர்க் கற்கள். ஒவ்வொரு கல்லின் ஒரு முனை அடுத்த கல்லைத் தாண்டி நீண்டிருக்கும். ஒன்றை ஒன்று தாங்கும். வெளியே மண் அழுத்தினாலும் உள்ளே சாயாது. சிமெண்ட் இல்லை, சுண்ணாம்பு இல்லை. கிழக்குக் கல்லில் வட்டத் துளை. சுற்றிலும் கல் வட்டம்.

துளை எதற்கு? எலும்பை உள்ளே வைப்பதற்கு. உடலை முதலில் வேறு இடத்தில் விட்டிருப்பார்கள். பிறகு எலும்புகளைப் பொறுக்கி இங்கே வைத்தார்கள். ஒரே அறையில் பலரின் எலும்புகள் கிடைத்தன. கூடவே கறுப்பும் சிவப்புமான பானைகளும் இருந்தன. செத்தவருக்குச் சோறும் நீரும் வேண்டும் என்று நினைத்தார்கள் போலும்.

இந்தக் கல்லறைகளுக்கு வீலர் சொன்ன வயது சுமார் 2200 ஆண்டு. பின்னால் வந்தவர்கள் அது போதாது என்றார்கள். இப்படிப்பட்ட கல்லறைகள் சுமார் 3000 ஆண்டுக்கு முன்பே தொடங்கிவிட்டன என்பது இன்றைய கருத்து.

மைசூருக்குப் பக்கத்தில் திருமகூடலு நரசிப்பூர் இருக்கிறது. காவிரியும் கபினியும் கூடும் ஊர். 1960-களில் அங்கே தோண்டினார்கள். இரும்புக்கும் முந்திய மக்களின் தடயம் கிடைத்தது. அவர்கள் கல் கோடரி வைத்திருந்தார்கள். தலை வைத்துப் படுக்க மண்ணைச் சுட்டுத் தலையணை செய்திருந்தார்கள்!

பிரம்மகிரிக் கல்லறை ஒன்றில் 33 பொன்மணிகள் இருந்தன. இதைக் கேட்டதும் சிலருக்குக் கை துறுதுறுக்கும். புதையல் ஆசையில் இரவில் உடைத்த கல்லறைகள் ஏராளம். பெரும்பாலும் அவர்களுக்குக் கிடைப்பது எலும்பும் ஓடும் துருப்பிடித்த இரும்பும்தான். புதையல் கிடைத்தாலும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம்.

புதையலைவிடப் பெரிய ஆபத்து கல் குவாரி. பலகைக் கல் தயாராக நிற்கிறது. உடைத்தால் வேலிக்கல் ஆகும், ஜல்லி ஆகும். கூலிக்குப் போகிறவர் என்ன செய்வார்? உடைக்கச் சொன்னால் உடைக்கிறார். ஆனால் துளை உள்ள கல்லும் கல் வட்டமும் எப்படி இருக்கும் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும். அவற்றைப் பார்த்தால் மேஸ்திரியிடம் சொல்லுங்கள், பஞ்சாயத்திலும் சொல்லுங்கள். தொல்லியல் துறைக்கு மைசூரிலேயே அலுவலகம் இருக்கிறது. ஊர்ப் பெயர், யாருடைய நிலம், எத்தனை கற்கள், துளை எந்தப் பக்கம் என்று எழுதினால் போதும். அது ஓர் அஞ்சலட்டையில் அடங்கும்.