துப்பு ஏன் கடல் கடந்து வரவேண்டும்?



2009-ல் சென்னை சூளைமேட்டில் ஒரு நெதர்லாந்துக்காரரைப் போலீஸ் கைது செய்தது. குழந்தைகளின் ஆபாசப் படங்களை இணையத்தில் ஏற்றினார் என்பது குற்றச்சாட்டு. துப்புக் கொடுத்தது யார்? பக்கத்து வீடா? தெருமுனைக் கடையா? இல்லை ஐயா, இன்டர்போல்! அதே ஆள் 2002-லேயே நம் மாமல்லபுரத்தில், ஒரு குழந்தைகள் இல்லம் தொடர்பான வழக்கில் கைதானவர். நாம் மறந்துபோனோம். எங்கோ ஒரு கணினி மறக்கவில்லை.

உடனே வெள்ளைக்காரர்களையெல்லாம் முறைத்துப் பார்க்கப் புறப்பட்டுவிடாதீர்கள். அம்பத்தூரில், குழந்தைகளின் ஆபாசப் படங்களைச் செல்போனில் வைத்திருந்ததாக வந்த ஒரு வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் நம்மூர் இளைஞர்தான். 2020-ல் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் சைபர் டிப்லைன் அறிக்கையை வைத்து அவர் செல்போனைப் போலீஸ் சோதித்தது. அமெரிக்காவில் உள்ள குழந்தைகள் பாதுகாப்பு மையம் ஒன்றோடு 2019-ல் போட்ட ஒப்பந்தப்படி நமக்கு வருபவை அந்த அறிக்கைகள். வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் ரத்து செய்தது. செப்டம்பர் 23-ம் தேதி உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, வழக்குக்கு மறுபடி உயிர் கொடுத்தது. 'பார்த்தேன், வைத்திருந்தேன், யாருக்கும் அனுப்பவில்லையே' என்று சொல்லித் தப்பிக்கும் வழி குறுகிவிட்டது.

இரண்டு முறையும் துப்பு மேலேயிருந்துதான் இறங்கி வந்தது. நாம் எங்கே போனோம்?

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-ம் பிரிவைப் படியுங்கள். குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடக்கப்போகிறது என்ற அச்சம் இருந்தாலும் போலீசுக்குச் சொல்லியே ஆகவேண்டும். 'நமக்கேன் வம்பு' என்று இருந்தால் ஆறு மாதம் வரை சிறை. அறை வாடகைக்கு விடுபவருக்கும் ஆட்டோ ஓட்டுபவருக்கும் இது பொருந்தும்.

இப்போது குற்றவாளிக்கு லாட்ஜ் அறைகூட வேண்டாம், செல்போனே போதும். ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் கேம் விளையாடும் பையனிடம் முகம் தெரியாத ஒருவன் 'டைமண்ட் வாங்கித் தருகிறேன் தம்பி' என்கிறான். அடுத்து ஒரு போட்டோ கேட்கிறான். அதன்பின் மிரட்டல். பிள்ளை ஏன் வாய் திறப்பதில்லை? அப்பா அடிப்பார், அம்மா போனைப் பிடுங்குவார் என்ற பயம். அந்த மிரட்டல்காரனுக்கு நாமே கொடுத்த ஆயுதம் இது! 'என்ன நடந்தாலும் அடிக்கமாட்டேன், போனைப் பிடுங்கமாட்டேன்' என்று இன்றிரவே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். மிரட்டலுக்குப் பணம் கொடுக்காதீர்கள். உரையாடலை அழிக்காதீர்கள், அதுதான் சாட்சி.

இன்னொரு கூத்தும் உண்டு. 'இந்தக் கொடுமையைப் பாருங்கள்' என்று ஒரு குழந்தை வதைபடும் வீடியோவைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடும் நல்லவர்கள்! அந்தக் குழந்தையைத் தெருத்தெருவாக இழுத்துப் போவது அது. சட்டப்படியும் குற்றம்.

குழந்தைகளுக்கான உதவி எண் 1098. தேசிய இணையக் குற்றப் புகார் வலைதளத்தில் பெயர் சொல்லாமலும் புகார் தரலாம். எண் அச்சிட்ட அட்டைகளை வாசல் மேசையில் வைத்திருக்கிறோம். லாட்ஜ்காரர்கள் இரண்டிரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று வரவேற்பு மேசைக்கு, ஒன்று வேலை செய்யும் பையன்கள் தங்கும் அறைக்கு.